கறுப்புத் தடியிடம் கேட்ட உத்தரவு

எங்கள் மரவாடித் தெருவில் ரம்பத்தில் அறுக்க வந்த ஒரு தடி வாய் திறந்து பேசியது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அது பேசிய சொல் யார் வீட்டுச் சொல் என்பதில்தான் அடிதடி. அந்த அடிதடியில் எனக்கு வர வேண்டிய கதவு கைவிட்டுப் போகப் பார்த்தது. அதனால் இதைச் சொல்ல மற்றவர்களைவிட எனக்கே உரிமை அதிகம்.

கதவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். என் மனைவி உலகம்மாளின் அண்ணன் ஆவுடையப்பன் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறான், அரிசிக்கடை வைத்திருக்கிறான், வீட்டுக்குத் தேக்கில் ஒரு கதவு போட்டிருக்கிறான், அதில் பித்தளைக் குமிழ் வைத்து அதைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்கிறான். என் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்து, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும் என்று, ஒரு பங்குனி மாதத்துக் காலையில் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு அவன் வாசலில் போய் நின்றேன். நான் படியில் கால் வைத்த நேரத்தில் அந்தக் கதவு என் மூஞ்சியில் படாரென்று அறைந்து சாத்திக்கொண்டது. தட்டு விழுந்தது, வாழைப்பழம் சாக்கடையில் விழுந்தது. காற்று சாத்திவிட்டது என்றான் அவன். ஆனி பிறந்தால் மலையிலிருந்து சாரலோடு இறங்குகிற காற்று எனக்குத் தெரியாதா? பங்குனியில் எங்கள் ஊரில் வேப்பிலைகூட அசையாது. அன்றைக்கு விட்டதுதான் பேச்சு. காது குத்தின மகள் கல்யாணமாகிப் போய் அவள் பிள்ளைகளுக்கும் காது குத்திவிட்டாள், நான் இன்னும் அந்தப் படியை விட்டு இறங்கவில்லை.

திருப்பிச் சாத்தலாம் என்றால் என் வீட்டில் இருந்தது தகரக் கதவு. தகரத்தை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் தெருநாய் திரும்பிப் பார்க்குமே தவிர, அவமானப்பட வேண்டியவன் படமாட்டான். ஒரு மனிதன் மூஞ்சியில் சாத்துவதற்கு மரம் வேண்டும், அதுவும் அவன் வீட்டுத் தேக்கைவிடக் கனத்த மரம் வேண்டும். நான் மீரான் ராவுத்தர் மில்லில் ரம்பத்துக்குத் தடி தள்ளுகிறவன். இந்த ஊரில் சாத்தித் திறக்கிற கதவுகளில் பாதி என் கையைத் தாண்டிப் போனவை. நான் வேலையை விட்டு நிற்கிற அன்றைக்கு வாடியில் கிடக்கும் எந்தத் தடியைக் கை காட்டினாலும் அது எனக்கு என்று ராவுத்தர் வாக்குக் கொடுத்திருந்தார். தேக்கு வந்தது, வேங்கை வந்தது, மலேசியாக்காரன் மரம் சிவப்புச் சிவப்பாய் வந்தது, நான் கை காட்டவில்லை. பிறகு ஒரு நாள் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து லாரியில் ருஷ்ய நாட்டுப் பைன் தடிகள் வந்து இறங்கின. வெள்ளை வெளேரென்று பிள்ளைகள் போலக் கிடந்த அவற்றின் நடுவில், யாரும் கேட்காமல், யாரும் அனுப்பியதாகச் சொல்லாமல், ஒரு கறுப்புத் தடி கிடந்தது. ஆற்றுப் படுகைக்குள் ஆயிரம் வருஷமோ அதற்கு மேலேயோ புதைந்து கிடந்த மரம் அப்படிக் கறுக்கும் என்றார் ராவுத்தர். கிரேன்காரன் அதைத் தூக்கி இறக்கிவிட்டுக் கிரேனுக்குத் தண்ணீர் ஊற்றினான். நான் அன்றைக்கே வேலையை விட்டு நின்றேன், கையைக் காட்டினேன்.

எங்கள் வாடியில் ஒரு வழக்கம் உண்டு. ரம்பத்தில் விடுவதற்கு முன்னால் தள்ளுகிறவன் தடியின் மேல் கை வைத்து, உன்னை அறுக்கப் போகிறேன், உத்தரவு தா என்று கேட்டுவிட்டு, ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரம் நிற்க வேண்டும். மரம் ஒன்றும் சொல்லாவிட்டால் உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். காட்டில் நிற்கிற மரத்திடம் கேட்க ஏற்பட்ட வழக்கம் இது. கப்பலில் வருகிற தடி எங்கேயோ வெட்டுப்பட்டு வருவது, அதனிடம் எதற்குக் கேட்பது என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. ஒன்றைப் பிடித்தால் நான் விடுவதில்லை என்று உலகம்மாள் சொல்வாள், பெருமையாகச் சொல்வதில்லை.

என் தடியை நானே தள்ளுவது என்று கேட்டு வாங்கிக்கொண்டு, எலுமிச்சம்பழம் வைத்து, கை வைத்து, உத்தரவு கேட்டேன். வெற்றிலை பாதி மெல்லும்போது தடி, மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட ஆள் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல, “தெர்வோ” என்றது.

மோட்டாரை நிறுத்தினார்கள். ராவுத்தர் மேசையிலிருந்து எழுந்து வந்து, என்ன சொன்னது என்று கேட்டார். தெர்வோ என்றது என்றேன். அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிவிட்டு, சாப்பாட்டு நேரமாகிவிட்டது, சாப்பிட்டு வந்து இன்னொரு தடவை கேட்போம் என்றார். சாப்பிட்டு வந்து கேட்டோம். அவர் கேட்டார், ஆசாரி கேட்டார், கிரேன்காரன் கேட்டான், பக்கத்து டீக்கடையிலிருந்து வடைக் கரண்டியோடு வந்த தங்கப்பழம் கேட்டார். தொட்டுக் கேட்ட எல்லாருக்கும் தடி அந்த ஒரே சொல்லைச் சொன்னது, ஆளைப் பார்த்துக் கூட்டியும் சொல்லவில்லை குறைத்தும் சொல்லவில்லை. பேசாத மரத்தை அறுக்க வழி இருந்தது. பேசுகிற மரம் சரி என்கிறதா வேண்டாம் என்கிறதா என்று தெரியாமல் அறுக்க எங்களிடம் வழி இல்லை. நான் உத்தரவு கேட்காமல் இருந்திருந்தால் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பலகை எடுத்திருப்பேன் என்று எல்லாரும் சொன்னார்கள், ஆவுடையப்பன் தன் கடையில் அரிசி அளந்துகொண்டே சொன்னதாகவும் கேள்விப்பட்டேன்.

தடி மில்லிலேயே கிடந்தது, சொல் மட்டும் வெளியே போய்விட்டது. சரி என்றும் ஆகாத, இல்லை என்றும் ஆகாத ஒரு சொல் இத்தனை காலம் தங்களிடம் இல்லாமல் எப்படிப் பிழைத்தோம் என்று ஊரே ஆச்சரியப்பட்டது போல அதை எடுத்துப் புழங்க ஆரம்பித்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்குத் தெற்குத் தெருப் பெண் ஒருத்தி தலையைக் குனிந்து தெர்வோ என்றாள், இரண்டு வீட்டாரும் சந்தோஷமாகக் கேசரி தின்றுவிட்டுப் போனார்கள். குடிதண்ணீர் எப்போது வரும் என்று கவுன்சிலரை வழிமறித்த பெண்களிடம் அவர் கும்பிட்டுக்கொண்டே தெர்வோ என்றார், பெண்கள் காலிக் குடத்தோடு யோசித்துக்கொண்டே திரும்பினார்கள். மினி பஸ் கண்டக்டர், இந்த வண்டி கடையநல்லூர் போகுமா என்றால் தெர்வோ என்பான், ஏறினவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் இறங்கிக்கொள்வார்கள். உலகம்மாள்கூட, சோறு ஆகிவிட்டதா என்றால் அடுப்படியிலிருந்து தெர்வோ என்று பதில் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

இதெல்லாம் நடக்கட்டும், எனக்கு என் கதவு வேண்டும். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும் என்று நான் படித்தவர்களிடம் போனேன், அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

நெல்லையப்ப குருக்கள் கோயில் வேலையை முடித்துக்கொண்டு வந்து தடியைத் தொடாமல், என்னைத் தொடச் சொல்லி எட்ட நின்று கேட்டார். இது தாரு என்றார். தேவதாரு என்கிறோமே, அந்தத் தாரு, சமஸ்கிருதத்தில் மரம், அதைத்தான் வடக்கே குளிரில் வாய் மரத்துப்போய்த் தெர்வோ என்று ஆக்கியிருக்கிறார்கள், தன்னைத் தேவமரம் என்று அறிவித்துக்கொண்ட ஒன்றைக் கதவாக அறுக்கக் கூடாது, மஞ்சள் துணி கட்டிக் கோயிலில் நிறுத்த வேண்டும் என்றார். அவர் போன கையோடு, பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்ற புலவர் அறவாழி வந்தார். தரு என்றார். கற்பகத்தரு என்று நாம் சொல்லவில்லையா, அது நம் சொல், மிளகு ஏற்றிப்போன கப்பலில் போன சொல், இத்தனை காலம் அந்நிய மண்ணில் அலைந்துவிட்டுத் தாய்வீடு திரும்பியிருக்கிறது, வீடு திரும்பிய பிள்ளையை ரம்பத்தில் விடுவாயா குத்தாலிங்கம் என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டார், கேட்டுவிட்டு அழவும் செய்தார். சந்தை முக்கில் பீடம் கட்டி நிறுத்த வேண்டும் என்பது அவர் கட்சி.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. தாருக்காரர்கள் தங்கப்பழம் கடையிலும் தருக்காரர்கள் எதிர்க் கடையிலும் டீ குடித்தார்கள். அப்பன் தாரு, மகன் தரு என்று ஒரே வீட்டில் இரண்டு உலை வைத்தார்கள். அவர்களுக்குள் எந்த விஷயத்திலும் ஒற்றுமை இல்லை, அது எனக்குக் கதவாகக் கூடாது என்ற ஒரு விஷயத்தைத் தவிர. ராவுத்தர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். எப்போதும் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர், அன்றைக்கு ரம்பத்தைப் பார்த்துப் பேசினார்.

“குத்தாலம், நான் வாக்குக் கொடுத்தது நெசம். ஊரு கேக்குது. நான் ஒரே ஒரு வியாபாரி, என்ன செய்யட்டும்? வெள்ளிக்கிழமை ரெண்டு கூட்டமும் வரும். யாரு முந்துறாகளோ அவுக தூக்கட்டும். அதுக்குள்ள அது என்ன சொல்லுதுன்னு நீ ரூபிச்சுட்டா, தடி ஒனக்கு.”

“நான் எங்க போயி ரூபிக்க, மொதலாளி?”

அவர் ரம்பத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, “ஒம் மச்சான் மக ருஷ்யாவுலதான டாக்டருக்குப் படிச்சா?” என்றார்.

அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆவுடையப்பன் மகள் செண்பகம் அந்தக் குளிர் நாட்டில் போய் டாக்டருக்குப் படித்துவிட்டு, இங்கே வைத்தியம் பார்க்க எழுத வேண்டிய பரீட்சையை எழுதி எழுதிக் காத்திருந்தாள். நாலு நாளாக அந்த நினைப்பு வரும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிப் படுத்தேன். வீட்டுக்கு வந்து உலகம்மாளிடம், நீ போய் அவளைக் கூட்டிக்கொண்டு மில்லுக்கு வா என்றேன். அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

“தடி ஒங்களுக்கு. சண்டை ஒங்களுக்கு. நடை மட்டும் எனக்கா? அவ மருமக, அண்ணன் வாசல்ல நின்னு மொறையா கூப்புடுங்க. சன்னல் வழியா ச்சு ச்சுன்னு கூப்புட அவ என்ன பூனையா?”

போனேன். தட்டு எடுத்துப் போகவில்லை. தேக்குக் கதவு திறந்திருந்தது. நான் படியில் ஏறாமல், சாத்தினால் என் மேல் படாத தூரம் பார்த்து நின்றேன். ஆவுடையப்பன் ஈரத் துண்டோடு வந்தான், என்னைப் பார்த்தான், உள்ளே போய் ஒரு அரிசி மூட்டையை இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்தான்.

“காத்தடிக்கும். வாங்க மாப்ள.”

இந்த மூட்டையை அன்றைக்கே வைக்க என்ன கேடு வந்தது என்று தொண்டை வரை வந்தது. வெள்ளிக்கிழமையை நினைத்து விழுங்கினேன்.

“ஒங்களப் பாக்க வரல, மச்சான். மருமகளப் பாக்க வந்தேன்.”

“அதுவும் இந்த வாசல்தான், மாப்ள.”

செண்பகம் விஷயம் தெரிந்து தயாராகத்தான் இருந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் அவள் மில்லுக்கு வந்தபோது தாருக்காரர்கள் மஞ்சள் துணியோடும் தருக்காரர்கள் மேளத்தோடும் வந்து நின்றிருந்தார்கள், ஆவுடையப்பன் கடையைப் பூட்டிவிட்டு வந்து கூட்டத்தின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள் தடியின் மேல் கை வைத்தாள். தெர்வோ என்றது. நோயாளியின் நாடி பார்க்கிறவள் போலக் கையை எடுக்காமலே நின்று, மறுபடி கேட்டாள். மறுபடி அதுவே. இப்போது அந்த ஊர்க்காரர்கள் தேரெவா என்கிறார்கள் என்றாள். இது அதற்கும் முந்தியது. அவர்கள் எழுத ஆரம்பிப்பதற்கும் முந்தியது. ருஷ்யாக்காரர்களும் போலந்துக்காரர்களும் செர்பியாக்காரர்களும் பிரிந்து தனி உலை வைப்பதற்கு முன்னால் ஒரே வீட்டில் பேசின சொல். அதை யாரும் காதால் கேட்டதில்லை, படித்தவர்கள் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஊகம் என்று காட்டச் சொல்லின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி வைத்து எழுதுவார்கள் என்று அங்கே பாஷை சொல்லிக் கொடுத்த டீச்சரம்மா சொல்லியிருந்தாளாம். மரம் என்று அர்த்தம். நிற்கிற மரத்துக்கும் அறுத்த மரத்துக்கும் நமக்கு ஒரே சொல் இருப்பது போல அவர்களுக்கும் ஒரே சொல்.

குருக்கள் அப்படியானால் தாரு என்றார். தாருவும் இதுவும் ஒரே வயிற்றில் பிறந்தவை, ஒன்றுக்கு ஒன்று அப்பன் இல்லை, இரண்டுக்கும் மேலே ஒரு கிழவன் உண்டு என்றாள் அவள். புலவர், தரு என்றார். அதற்கும் சொந்தம் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். இருக்கலாம் என்று சொன்னதே தருக்காரர்களுக்குப் போதுமானதாக இருந்தது, மேளத்தை ஒரு தட்டுத் தட்டினார்கள். ராவுத்தர் கையமர்த்தி, அந்தக் கிழவனுக்கு அர்த்தம் என்ன என்று கேட்டார். கெட்டியாக நிற்பது, அசையாமல் நிற்பது என்பதுதான் முதல் அர்த்தம், மரத்துக்கு அந்தப் பெயர் அதிலிருந்து வந்தது என்று சிலர் சொல்கிறார்கள், சிலர் ஒப்புக்கொள்வதில்லை என்றாள்.

“அப்ப சரிங்குதா, வேண்டாங்குதா?” என்று நான் கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்காதபடி வந்தது.

“ரெண்டும் இல்ல மாமா. நீங்க தமிழ்ல கேட்டது அதுக்கு விளங்கல. ஆரோ வந்து மேல கை வச்சிருக்காங்க. ஆருன்னு கேக்காங்கன்னு நெனச்சு, மரம்னு தன் பேரச் சொல்லியிருக்கு. பாவம், அத்தன பேரும் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கீங்க. அதுவும் சலிக்காம சொல்லியிருக்கு.”

தெற்குத் தெருப் பெண்ணின் தெர்வோவைச் சம்மதமாக எடுத்துக்கொண்ட இரண்டு வீட்டார் முகத்திலும் ரத்தம் இல்லை, கவுன்சிலர் நழுவினார்.

அதன் பாஷையில் நீயே கேள் என்றேன். அந்தப் பழைய பாஷை யாருக்கும் தெரியாது, இன்றைக்கு அங்கே பேசுவதில் கேட்கிறேன், கொள்ளுப்பாட்டனிடம் பேசுவது போலப் பாதியாவது விளங்கும் என்று சொல்லிவிட்டு, அவள் குனிந்து, என்னைக் காட்டி, கதவு போலக் கையை விரித்து மடக்கிக் காட்டி, கடைசியில் “மோஷ்னா?” என்றாள். செய்யலாமா என்று அர்த்தமாம். நான் வெற்றிலையை வாயில் போட்டேன். தடி மட்டும் மறுபடி வாயைத் திறந்தால் என் கதவு போயிற்று. நான் அவ்வளவு மெதுவாக ஒரு வெற்றிலையை மென்றதில்லை என்று புலவர் கட்சி சொன்னது, அவ்வளவு வேகமாக மென்றதில்லை என்று குருக்கள் கட்சி சொன்னது. துப்பினேன். தடி பேசவில்லை. ராவுத்தர் மோட்டாரைப் போடச் சொன்னார்.

தடி போனாலும் சொல் போகவில்லை. அறுத்த பலகை ஒவ்வொன்றும் தொட்டால் தன் பெயரைச் சொன்னது. மரத்தூளை அடுப்புக்கு அள்ளிக்கொண்டு போனவர்கள் வீட்டில் பால் பொங்கும்போது அடியிலிருந்து பொடிப்பொடியாக அந்தச் சொல் கேட்டது, அவர்கள் சரி சரி தெரிகிறது என்று சொல்லி இறக்கி வைத்தார்கள். ஊரில் பழக்கமும் மாறியது. யாராவது தோளில் கை வைத்தால், என்ன ஏது என்று கேட்பதற்கு முன்னால் எல்லாரும் அவரவர் பெயரைச் சொன்னார்கள். சந்தையில் நெரிசலான நாளில் அது ஒரு பஜனை போல இருக்கும்.

ஆசாரி கதவு செய்துவிட்டு, இது மரமில்லை, இரும்பு, உன் வீட்டுக்கு இது ஆகாது, இழைத்துக் கனத்தைக் குறைக்கிறேன் என்றார். ஒரு சுருள் குறைக்கக் கூடாது என்றேன். நிலை வைக்க நாள் பார்த்த பிறகுதான் உலகம்மாள் நினைவுபடுத்தினாள்: எங்கள் பக்கத்தில் வாசல் நிலை நிறுத்தும்போது இடது காலை வீட்டுக்காரியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும், வேறு ஆள் பிடித்த நிலையில் லட்சுமி நுழைய மாட்டாள். அவளுக்கு ஒரே அண்ணன். நான் கூப்பிடவில்லை, அவனே புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, மஞ்சள் தடவி, பூ வைத்து, நிலையின் இடது காலைப் பிடித்தான். நான் வலது காலைப் பிடித்தேன். அந்தக் கனத்தில் இரண்டு பேர் தோளும் ஒரே மாதிரி நடுங்கியது. அவன் என்னைப் பார்க்கவில்லை, நான் அவனைப் பார்க்கவில்லை, நிலை நேராக நின்றது.

பிறகு, முதல் சாத்து அவனுக்குத்தான் என்று, கதவை ஒரு தடவைகூடச் சாத்தாமல் திறந்தே போட்டு நான் காத்திருந்தேன். என் வாசல் படியில் அவன் தனியாக வந்து கால் வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தெருவே பல் துலக்கிக்கொண்டு வாசலில் நிற்கிற நல்ல நேரத்தில், உலகம்மாள் கோலம் போட்டுக்கொண்டிருக்க, ஆவுடையப்பன் எதற்கோ வந்து படியில் கால் வைத்தான். நான் உள்ளே கதவுக்குப் பின்னால் போய் நின்று இரண்டு கையையும் வைத்துத் தள்ளினேன்.

கதவு நகரவில்லை. தோளைக் கொடுத்தேன். முதுகைக் கொடுத்தேன். சுவரில் காலை உதைத்துக்கொண்டு தள்ளினேன். நாலு விரல் நகர்ந்தது, நின்றுவிட்டது. ஆவுடையப்பன் படியில் நின்றபடி எட்டிப் பார்த்தான்.

“சாத்தணுமா, மாப்ள?”

மூச்சு வாங்கியதால் தலையை மட்டும் ஆட்டினேன்.

“எம் மூஞ்சிலயா?”

“ஆமா.”

அவன் தெருவை ஒரு தடவை பார்த்தான். துண்டை இடுப்பில் கட்டினான். “ஒத்த ஆளுக்கு ஆவாது இது. நீங்க உள்ள இருந்து தள்ளுங்க, நான் வளையத்தப் பிடிச்சு இழுக்கேன்,” என்றான்.

நான் தள்ளினேன், அவன் இழுத்தான். கதவு புறப்பட்டது. புறப்பட்ட பிறகு அதை யாராலும் நிறுத்தியிருக்க முடியாது. அது நிலையில் போய் அறைந்த சத்தத்தில் ராவுத்தர் மில்லின் தகரக் கூரையிலிருந்து புறாக்கள் மொத்தமாக எழும்பின, எதிர் வீட்டில் மாட்டியிருந்த படம் சரிந்தது, தெருவில் எல்லாரும் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். நான் இருட்டில் நின்று அந்தச் சத்தம் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வருவதைக் கேட்டேன். இந்த ஊரில் ஒருவன் மூஞ்சியில் அப்படி ஒரு கதவு சாத்தப்பட்டதில்லை.

அப்புறம் திறக்கப் பார்த்தேன். வெளியிலிருந்து ஆவுடையப்பன், தொறக்கணும்னா சொல்லுங்க மாப்ள, நான் தள்ளணும் என்றான். சாத்தின கையோடு எப்படிக் கேட்பது என்று நான் பேசாமல் இருந்தேன். “கெடக்கட்டும் அண்ணே, அவுக கேக்கும்போது தொறப்போம், வாங்க,” என்று உலகம்மாள் சொல்வது கேட்டது. இரண்டு பேரும் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் காபி ஆற்றுகிற சத்தம் கேட்டது, அண்ணனும் தங்கையும் என்னவோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. கடைசியில் நான் சுவரைத் தட்டி, “மச்சான்” என்று கூப்பிட்டேன். கூப்பிட்டது அவனுக்கு நன்றாகக் கேட்டது, இந்தா வாறேன் மாப்ள என்று பதிலும் சொன்னான். சொல்லிவிட்டு இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கி, ஆற அமரக் குடித்து முடித்துவிட்டுத்தான் வந்தான். அந்த இரண்டாவது டம்ளரை நான் மறப்பதாக இல்லை.